அரண்மனைச் சுவரில், டிரங்குப் பெட்டியில்: மறக்க முடியாத பழைய படங்கள் (அனுபவப் பகிர்வு)

உச்சிப்புளி வாசகன்:

இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் ஓவியச் சுவர்கள் கொண்ட அரண்மனையான இராமலிங்க விலாசத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராகச் சொல்கிறேன். கடந்த ஆடி மாதம் அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். முத்து விஜயரகுநாத சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியையும், பெண்களின் உருவங்களையே கோத்து யானையாக வரைந்திருப்பதையும் பொறுமையாகப் பார்த்து வந்தவர், மன்னருக்குப் பின்னால் நிற்கும் ஓர் உருவத்தின் முன் நின்றுவிட்டார். மீசையில்லாத முகமும் காதணியும் தெரிந்தன; இடுப்புக்குக் கீழே வண்ணம் உதிர்ந்து வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சியிருந்தது. "இது ஆம்பளையா, பொம்பளையா?" என்று அம்மா கேட்டது எங்கள் பின்னால் மாணவர்களுடன் வந்த ஓர் இளைஞரின் காதில் விழ, அவர் தன்பாலீர்ப்பாளர், திருநர் என நம்மைப் போன்றவர்களைக் கேலி செய்யப் பயன்படும் அந்த எண்ணைச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா திரும்பி, "முன்னூறு வருஷமா ராஜா பக்கத்துல நிக்குது தம்பி, சிரிக்காதீங்க" என்றார்.

நான் ஆண்களை விரும்புகிறவன் என்பதை அம்மாவிடம் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாசல் வரும்வரை என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார், பேருந்தில் ஏறியதும் மீன் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அந்தச் சொற்கள் சுவரில் இருந்தவருக்காகவா, எனக்காகவா என்று இன்னும் கேட்க முடியவில்லை.

தேவிபட்டினம் திருநங்கை:

எங்கள் சின்னத் தாத்தா நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டவர். அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் அவருடைய படங்கள் நான்கைந்து இருந்தன. மற்றவற்றில் எல்லாம் சரிகையும் ஒட்டுமுடியும் அட்டை மகுடமுமாக இருப்பவர், ஒன்றில் மட்டும் சாதாரணச் சுங்குடிச் சேலை உடுத்து, சொந்த முடியைக் கோதி முடிந்து, கழுத்தில் மஞ்சள் கயிற்றுடன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். காட்சித் திரையோ, மேடையோ எதுவும் இல்லை. மற்ற படங்களில் எங்கோ பார்க்கும் கண்கள் இதில் நேராக என்னைப் பார்த்தன. "நாடகத்துக்காக எடுத்தது" என்று சொல்லி அத்தை அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். அடுத்த முறை போனபோது பெட்டியில் மற்ற படங்கள் இருந்தன. அது மட்டும் இல்லை.

தொண்டிக் கப்பற்காரன்:

மேலே எழுதிய சகோதரியின் வருத்தம் புரிகிறது; ஆயினும் ஒரு மறுப்பு உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய நாடக சபை முழுவதும் சிறுவர்களால் ஆனது. பெண் வேடம் அங்கே பயிற்சி, பிழைப்பு. சேலை கட்டிய ஒரு படத்தை வைத்து ஒருவருடைய மனத்தை நாம் முடிவு செய்தால், 'நாடகப் படம்' என்று மூடிவைத்தவர்கள் செய்ததையே வேறு பெயரில் நாமும் செய்தவர்கள் ஆவோம்.

நான் கப்பல் வேலையில் இருந்தபோது லண்டன் தேசிய உருவப்பட அரங்கில், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தூதரும் படைவீரருமான ஷெவாலியே டெயோனின் ஓவியத்தைப் பார்த்தேன். தாமஸ் ஸ்டூவர்ட் 1792இல் வரைந்தது. கறுப்பு உடை, இறகு வைத்த தொப்பி, மார்பில் பிரெஞ்சுப் படைவீரருக்குரிய பதக்கம், தாடையில் மழித்த தாடியின் நிழல். பெயர் தெரியாத ஒரு பெண்ணின் படம் என்றே விற்பனைக்கு வந்த அந்த ஓவியத்தை, அடையாளம் கண்ட பிறகு, அரங்கத்தார் 2012இல் வாங்கினார்கள். டெயோன் பல்லாண்டுகள் பெண்ணாகவே வாழ்ந்ததற்குச் சான்றுகள் இருப்பதால்தான் அந்தப் படத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடிகிறது.

ஆகவே சான்றைச் சேருங்கள். நம் கடற்கரையின் உப்புக் காற்றில் பழைய படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறையில் போடாமல் ஒவ்வொன்றையும் தனிக் காகித உறையில் வையுங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், லேமினேஷன் செய்யவே வேண்டாம். நிழலான வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டுடியோ முத்திரை பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். விவரங்களைப் பென்சிலால் உறையின் மேல் எழுதுங்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதும் இருக்கட்டும். பெரியவர்களிடம் "அவர் அப்படிப்பட்டவரா?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். "வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். குடும்பத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் படத்தை இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

தேவிபட்டினம் திருநங்கை:

பாதுகாக்கும் முறைகளை நான் கேட்கவில்லை, இருந்தாலும் குறித்துக்கொண்டேன். உங்கள் மறுப்பை மட்டும் ஏற்க மாட்டேன். சின்னத் தாத்தாவை இன்னார் என்று நான் எங்கே முடிவு செய்தேன்? டெயோன் எழுதிவைக்கவும் வழக்கு நடக்கவும் வாய்ப்பிருந்த இடத்தில் வாழ்ந்தவர். கூத்துக்காரருக்குக் கடிதமும் பதிவேடும் எங்கிருந்து வரும்? மணிமேகலையில் புகார் நகரத்துத் தெருவில் மக்கள் கூடி, ஆணும் பெண்ணும் கலந்த பேடிக் கோலத்தைப் பார்க்கிறார்கள். சுருண்ட தாடியையும் கூந்தலையும் சாத்தனார் சேர்த்தே பாடியிருக்கிறார். அதுவும் வேடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேடம் கட்டியவர்கள் அதைக் களைந்த பிறகு யாராக இருந்தார்கள் என்பதை எந்தப் பாட்டும் சொல்வதில்லை. என் கையில் இருந்தது அந்தப் பக்கத்தின் படம், அதைத்தான் எடுத்துவிட்டார்கள்.

உச்சிப்புளி வாசகன்:

இரண்டு பேரும் என் அம்மாவின் கேள்வியிலேயே வந்து நிற்கிறீர்கள். விடை தெரியாமலேதான் அவர் அந்த உருவத்திற்காகப் பேசினார்.

தேவிபட்டினம் திருநங்கை:

நேற்றிரவு அத்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். கப்பற்காரர் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். அத்தை வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அது பெண் பெயர். அவர் சம்மதிக்கும்வரை அதை இங்கே எழுத மாட்டேன்.