ஹிமாலயன் 450: டெல்டா சாலையில் மைலேஜும் ஹேண்ட்லிங்கும் சரியாகச் சோதிப்பது எப்படி?

வடவாற்றங்கரை (கேள்வி):
வணக்கம். வண்டி ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450, முதல் சர்வீஸ் முடிந்துவிட்டது. மீட்டர் காட்டும் சராசரி மைலேஜும், பங்கில் பெட்ரோல் போட்டு நாமே போடும் கணக்கும் ஒத்துவரவில்லை. கணக்குமே டேங்க்குக்கு டேங்க் லிட்டருக்கு 3 கி.மீ. வரை ஏறி இறங்குகிறது. பக்கப் பெட்டி மாட்டவும் டயர் மாற்றவும் யோசனை. அதற்கு முன்பு வண்டி இப்போது இருக்கும் நிலையை ஒழுங்காக அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர், நாகை பக்கம் மலையே இல்லை. இங்கே சோதித்தால் நம்பலாமா? மைலேஜுக்காக டயரில் காற்று கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்கிறார்கள், அது சரியா?

அரசலாறு:
தம்பி, மைலேஜ் சோதிக்க டெல்டாவைவிட நல்ல இடம் கிடைக்காது. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம், நாகப்பட்டினம் கடலோரம். வண்டி 196 கிலோ, ஆள் 75 கிலோ என்று வைத்தால், அந்த 60 மீட்டர் ஏறுவதற்கு ஆகும் பெட்ரோல் ஏறக்குறைய 20 மில்லிதான். சரிவைப் பற்றிக் கவலையே வேண்டாம். கணக்கைக் கெடுப்பது பங்கில் நிரப்பும் விதமும், தூரமும், காற்றும்.

முதலில் நிரப்புவது. ஒரே பங்க், ஒரே பம்ப், அதிகாலை. சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சைட் ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும். துப்பாக்கி தானாக நின்றதும் ஒரு நிமிடம் விடுங்கள், நுரை அடங்கட்டும். பிறகு மெதுவாக, டேங்க் வாய்க்கு உள்ளே தெரியும் உலோக விளிம்பின் அடிமட்டம் வரை மட்டும். அதற்கு மேல் விளிம்பு முட்ட ஊற்றக் கூடாது. பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா உண்டு. அதற்குள் பெட்ரோல் இறங்கினால் ஸ்டார்ட்டிங் தொல்லை, பெட்ரோல் வாடை எல்லாம் வரும். வெயில் ஏறினால் பெட்ரோல் விரியும் என்பதையும் மறக்க வேண்டாம்: 10 டிகிரிக்கு ஏறக்குறைய 1 சதவீதம். காலையில் நிரப்பி, மதியம் திரும்ப நிரப்பிக் கணக்குப் போட்டால் அந்தப் பிழை உள்ளே வந்துவிடும்.

அடுத்தது தூரம். நிரப்புவதில் 200 மில்லி முன்பின் ஆவது சாதாரணம். 2 லிட்டர் மட்டும் எரித்துவிட்டு அளந்தால் அது 10 சதவீதப் பிழை. உங்களுக்கு 3 கி.மீ. ஆடுவதற்கு இதுவே போதும். 10 லிட்டர் எரித்தால் அதே 200 மில்லி 2 சதவீதம்தான். 17 லிட்டர் டேங்க் இருக்கும்போது 2 லிட்டரில் அளக்க என்ன அவசரம்? தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று போய் வந்தால் 160 கி.மீ.க்குக் குறையாது. அதையே இரண்டு காலையில் ஓட்டிவிட்டு ஒரே தடவையாக நிரப்புங்கள். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். நின்றபடி எரியும் பெட்ரோலுக்குக் கிலோமீட்டர் கிடையாது.

ஓடோமீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். போனில் ஜிபிஎஸ் பதிவு போட்டு ஒப்பிடுங்கள். உதாரணமாக மீட்டர் 165 காட்டி, ஜிபிஎஸ் 161 காட்டினால், 5.6 லிட்டருக்கு மீட்டர் கணக்கில் 29.5, உண்மையில் 28.75. உங்கள் வண்டிக்கு இந்த விகிதம் எவ்வளவு என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு ஜிபிஎஸ் தேவையில்லை, பெருக்கிக்கொள்ளலாம். டயர் தேய்ந்தாலோ அளவு மாறினாலோ இது மாறும், அப்போது மறுபடி பார்க்க வேண்டும்.

முந்தைய மாடலான ஹிமாலயன் 411 வண்டிக்காரர்கள் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டு வருத்தப்படாதீர்கள். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல், எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட 6 முதல் 7 சதவீதம் குறைவு.

கொள்ளிடக்கரை:
அரசலாறு அண்ணன் சொன்னது எல்லாம் சரி, காற்றை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகுக்காற்று, அதனால் சமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60-ல் ஓட்டும்போது 15 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் தடை 1.56 மடங்கு. திரும்பும்போது 0.56 மடங்கு. சராசரி 1.06. காற்றே இல்லாத நாளைவிடத் தடை 6 சதவீதம் கூடுதல்தான். ஆடி மாத மேல்காற்றில் எடுத்த கணக்கையும் மார்கழிக் காலையில் எடுத்த கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. விடிந்ததும் கிளம்பி, கடல்காற்று எழும்புவதற்குள் முடித்துவிடுங்கள். அதே வர்க்கக் கணக்குப்படி 60-ஐ 80 ஆக்கினால் தடை 1.78 மடங்கு; எனவே ஒரே வேகம் முக்கியம். ஈக்கோ மோடா, பெர்ஃபாமன்ஸ் மோடா என்பதைவிட உங்கள் வலது கை என்ன செய்கிறது என்பதுதான் எண்ணை மாற்றும்.

வடவாற்றங்கரை:
ரொம்ப நன்றி அண்ணே. டயர் காற்று விஷயம்? ஹேண்ட்லிங் சோதனை?

மன்னார்குடி பட்டறை:
காற்றைக் கூட்டாதீங்க சார். செயின் கவரிலோ மேனுவலிலோ கம்பெனி போட்ட அளவு இருக்கும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, சொந்த கேஜ் வைத்து, அந்த அளவுதான். பங்க் கேஜும் பஞ்சர் கடை கேஜும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. 5 பிஎஸ்ஐ கூட்டினால் மைலேஜில் சின்ன லாபம் தெரியும், ஆனால் முன்னால் இருப்பது 90/90-21, மெல்லிய டயர். அது கல்லாகிவிட்டால் கிராவலில் பிரேக் பிடிக்கும்போது தரையைப் பற்றாமல் மேலே மிதந்து வழுக்கும். மைலேஜ் எண்ணையும் ஹேண்ட்லிங்கையும் ஒரே காற்றழுத்தத்தில் சோதித்தால்தான் இரண்டுமே உண்மை. அழுத்தம் கூட்டி மைலேஜ் பார்த்துவிட்டு, குறைத்து ஹேண்ட்லிங் பார்த்தால் நீங்கள் சோதித்தது இரண்டு வேறு வண்டிகளை.

ஹேண்ட்லிங்குக்கு முன் பட்டறை வேலை கொஞ்சம் இருக்கு. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் தட்டினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கு. ஃபோர்க் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டொக்' என்று அடித்தால் லூஸ். இதைப் பார்க்காமல் டயரைக் குறை சொல்வதுதான் இங்கே அதிகம் நடக்குது.

பிறகு பின் ஷாக். பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே டெயில் பேனலில் ஒரு டேப் ஒட்டி அளந்துக்குங்க. நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஷூ, ஹெல்மெட், பையோடு உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 60 மி.மீ. பக்கம் வரணும், இந்த வண்டிக்கு சஸ்பென்ஷன் ஓட்டம் 200 மி.மீ., அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 80-க்கு மேல் போனால் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்று பொருள்: முன்பக்கம் லேசாகி, வளைவில் வண்டி வெளியே தள்ளும், ராத்திரி ஹெட்லைட் மரக்கிளையைக் காட்டும். ப்ரீலோடை (ஷாக் ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) ஏற்றுங்கள். முன் ஃபோர்க்கில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, அதை விட்டுடலாம்.

நியூட்ரலில் உருட்டிப் பார்ப்பதையும் செய்யுங்க. நேரான, வெறிச்சோடிய சாலையில் 50-ல் நியூட்ரலுக்குப் போட்டு, 20-க்கு இறங்க எத்தனை விநாடி என்று இரண்டு திசையிலும் குறித்து வையுங்கள். சமதளம் என்பதால் இங்கே இது அழகாக வரும். பெட்டி மாட்டிய பிறகோ, ஆறு மாதம் கழித்தோ விநாடி குறைந்தால் காரணத்தைத் தேடலாம். பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, பிரேக்கே பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி, கியரால் வேகத்தைக் குறைத்து நிறுத்தி, டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 'சுர்'ரென்று ஆவியானால் பேட் உரசுது. கையால் தொட வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும் வரிசை: முதலில் சிமென்ட் நெல் களம், ஊர்க்காரரிடம் சொல்லிவிட்டு. முதல் கியரில் எட்டுப் போடுங்கள். கிளட்ச்சும் பின் பிரேக்கும் மட்டும், முன் பிரேக் தொடாமல். அடுத்து வேகத்தடை, 25-ல் உட்கார்ந்தபடியே. ஏறி இறங்கியதும் பின்பக்கம் ஒரே அசைவில் அடங்கணும். இரண்டு முறை குதித்தால் ஷாக்கில் எண்ணெய் பலம் இல்லை, அல்லது ப்ரீலோடு அதிகம். பிறகு ஆற்றங்கரைச் செம்மண் கிராவல். 40-ல் இரண்டு பிரேக்கும் பிடித்து, பின் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) போட்டும் அணைத்தும் நிற்கும் தூரத்தைக் காலடியால் அளங்கள். இந்த வண்டியில் பின் ஏபிஎஸ் மட்டும்தான் அணையும், முன்பக்கம் அணையாது. கிராவலில் அதுவே நல்லது. தடுப்புக் கம்பி போட்ட கரையில் நுழைய வேண்டாம், மதகு வேலை நடக்கும் இடத்திலும் வேண்டாம்.

சாலை விளிம்பை விட்டுவிடாதீங்க. நம்ம ஊர்ச் சாலை பாதி வாய்க்கால் கரைமேல்தான் ஓடுது. மண் அரித்து, தார் விளிம்பு நாலு விரல் உயரத்துக்கு நிற்கும். பஸ்ஸுக்கு ஒதுங்கி இறங்கிவிட்டு, விளிம்போடு ஒட்டியபடியே மெல்ல ஏறப் பார்த்தால் 21 இன்ச் சக்கரம்கூட ஏறாது, விளிம்போடு தேய்ந்து போய்ச் சாய்க்கும். வேகத்தைக் குறைத்து, விலகி, குறுக்கே வெட்டி ஏற்றணும். எந்தக் கோணத்தில் உங்கள் டயர் ஏறுகிறது என்று காலி இடத்தில் பழகிப் பாருங்க.

திருத்துறைப்பூண்டி:
பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடவுக் காலத்தில் கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து ஏறிய இடத்தில் தாரின் மேல் களிமண் பாளம் பாளமாகக் கிடக்கும். ஒரு தூறல் போட்டால் சோப்பு. டயர் கோடுகளில் அப்பிக்கொண்டால் எந்த டயரும் மொட்டைதான், அதனால் அந்த நிலையில் டயரை எடை போட வேண்டாம். சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல், அதற்குப் பின் உளுந்து, பயறுச் செடியைச் சாலையில் பரப்பி வண்டி ஏற விடுவார்கள். கொடி பின் ஸ்ப்ராக்கெட்டிலும் அச்சிலும் சுற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அறுத்து எடுத்துவிடுங்கள், விட்டால் சக்கர பேரிங் சீல் போய்விடும். சைலன்சர் குழாய்க்கு அடியில் வைக்கோல் சிக்கினால் உடனே நிறுத்தி எடுக்க வேண்டும், தீப்பிடிக்கும்.

வடவாற்றங்கரை:
பக்கப் பெட்டியைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம். காலிப் பெட்டியோடு சோதித்தால் போதுமா?

அரசலாறு:
போதாது தம்பி. காலிப் பெட்டி காற்றுத் தடையை மட்டும் காட்டும். முதலில் பெட்டி இல்லாமல், பிறகு காலிப் பெட்டி, பிறகு இரு பக்கமும் சம எடை ஏற்றி. மூன்றும் அதே பாதை, அதே வேகம். எடை ஏற்றியதும் ஷாக்கின் 60 மி.மீ.யை மறுபடி அளந்து ப்ரீலோடைத் திருத்திவிட்டு ஓட்டுங்கள். பக்கக்காற்றுக்குத் திருமானூர்க் கொள்ளிடப் பாலம் நல்ல இடம்: கைப்பிடியை இறுக்காமல், 50-ல் ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஹேண்டில் லேசாக ஆட ஆரம்பிக்கும் வேகம் தெரிந்ததும், அதற்கு 10 கீழேதான் பெட்டியோடு உங்கள் உச்ச வேகம். டயரை அதே வாரத்தில் மாற்றாதீர்கள், எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.