படமுன்வைப்பா, பாயிரமா? மாணவர் ஆவணப்படக் கையேட்டுக்கு ஒரு சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

ஊடகவியல் முதலாண்டு மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஒரே ஒரு மனிதரைப் பற்றி 5 முதல் 10 நிமிடத்துக்குள் ஆவணப்படம் எடுப்பது எப்படி என்பதே பொருள். வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்களுக்கு ஏதோ ஒரு வழி கண்டுவிட்டேன். 'பிட்ச்' ஒன்றுதான் நான்கு நாளாக என்னை நகரவிடவில்லை.

செயல் இதுதான். படம் எடுப்பதற்கு முன் மாணவர் ஆசிரியர் குழுவின் எதிரில் நின்று 5 நிமிடம் பேசுகிறார். யாரைப் பற்றிய படம், அவர் வாழ்வில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது, கேமரா எதைப் பார்க்கும், காது எதைக் கேட்கும், இதை எடுக்க நான் ஏன் என்று சொல்கிறார். கையில் ஒரு நிமிட மாதிரிக் காட்சி இருந்தால் காட்டுகிறார். பிறகு கேள்விகள். குழு ஒப்புக்கொண்டால்தான் கருவிகள் கிடைக்கும்.

'பிட்ச்' என்றே விட்டுவிடலாம் என்று வகுப்பில் முயன்று பார்த்தேன். ஒருவர் கிரிக்கெட் ஆடுகளத்தை நினைத்தார், பாடத் தெரிந்த ஒருவர் சுருதியை நினைத்தார். 'முன்மொழிவு' எழுதித் தரும் திட்டத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. வேண்டியது பேச்சுக்கு ஒரு பெயர். அது வினையாகவும் வர வேண்டும், ஏனெனில் கையேட்டில் இரண்டு வடிவமும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திங்கள் மதியம்

வணக்கம் அம்மா.

நீங்கள் விவரித்த செயலுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. இருப்பதை எடுத்துக்கொண்டால் போதும். அது பாயிரம், நூலின் முகப்பில் நின்று அதை அறிமுகப்படுத்தும் பகுதி.

குறிப்பிட்ட ஒரு நூலுக்கே உரிய சிறப்புப்பாயிரத்துக்கு நன்னூல் என்ற இலக்கண நூல் வகுத்த எட்டு உறுப்புகளையும் உங்கள் மாணவரின் 5 நிமிடத்தோடு ஒட்டிப் பாருங்கள். ஆக்கியோன் பெயர்: எடுப்பவர் யார். வழி: எந்த மரபைப் பின்பற்றுகிறார், ஒதுங்கி நின்று பார்க்கிறாரா, எதிரே உட்காரவைத்துக் கேட்கிறாரா. எல்லை: முழு வாழ்வையும் எடுக்கிறாரா, ஒரு பகலை மட்டுமா. நூற்பெயர்: படத்தின் தலைப்பு. யாப்பு: எதில் தொடங்கி எதில் முடிகிறது. நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய மூன்றுக்கும் விளக்கமே வேண்டாம். காலம், களன், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்கிறார் நன்னூலாசிரியர் பவணந்தியார். 'இந்தப் படம் ஏன் இப்போது' என்று குழு கேட்கும் கேள்விதானே அந்தக் காரணம்? 13ஆம் நூற்றாண்டில் வகுத்த அட்டவணை இப்படிப் பொருந்தும்போது வேறு சொல் எதற்கு?

படத்தொகுப்பாளர், திங்கள் இரவு

ஐயாவின் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எட்டையும் அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன், எனக்கே உதவும். ஆனால் சொல்லை ஏற்க முடியவில்லை.

பாயிரத்துக்கு வினை இல்லை. 'நேற்று நான் பாயிரம் செய்தேன்' என்று எந்த மாணவர் சொல்லப்போகிறார்? மேலும் அது நூல் முடிந்தபின் முகப்பில் வந்து நிற்பது. இங்கே படமே இன்னும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறப்புப்பாயிரத்தை ஆக்கியோன் தானே சொல்லலாகாது என்பதும் அதே நன்னூல்தான். தன் ஆசிரியன், தன்னோடு கற்றோன், தன் மாணாக்கன், உரைகாரன் என்ற நால்வரில் ஒருவர் சொல்ல வேண்டும். நம் மாணவரோ தன் படத்துக்குத் தானே நிற்கிறார்.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. பாயிரத்தில் எல்லை என்பது நூல் வழங்கும் நிலம். பொருளின் அளவு அன்று.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் விடியற்காலை

எல்லை பற்றிய திருத்தத்தை நன்றியோடு ஏற்கிறேன். வேங்கடமும் குமரியும் சொன்ன பாயிரத்தை நாற்பது ஆண்டுகள் நடத்தியவன் அதை மறந்திருக்கக் கூடாது. ஆனால் திருத்திய பின்பு பொருத்தம் கூடுகிறது. 'இந்தப் படம் எங்கே திரையிடப்படும்' என்பதும் குழு கேட்கும் கேள்விதானே?

தற்புகழ்ச்சித் தடைக்கு விலக்கு உண்டு. மன்னனுடைய அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதில் வெல்லும்போதும், தன்னை எதிரி பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம். உங்கள் மாணவர் நிற்பது முதல் இரண்டு இடங்களும் சேர்ந்த இடம். அறியாதாரிடம், வேண்டி நிற்கிறார். இலக்கணமே இடம் கொடுத்த பிறகு நாம் தடுப்பானேன்?

சொற்பிறப்பில் ஈடுபாடுள்ள பொறியாளர், செவ்வாய் காலை

மூலச்சொல்லைப் பார்க்காமல் பெயர் வைப்பது சரியன்று. ஆங்கிலத்தில் 'பிட்ச்' என்ற வினைக்கு நடுதல், எறிதல் என இரண்டும் பொருள். கூடாரம் நடுவதும் பந்து எறிவதும் அதே வினை. தெருவோரத்தில் வணிகர் நின்றுகொள்ளும் இடத்துக்கும், வாங்க வைக்க அவர் பேசும் பேச்சுக்கும் அதுவே பெயர்.

எறிதலைப் பிடித்தால் 'கதையெறிவு' என்று வரும், அழகில்லை. நடுதலைப் பிடியுங்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் ஆறு நிலைகள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். நடுகல்லும் ஒரு தனிமனிதரின் உருவம்தான். பெயரும் பீடும் எழுதி நிறுத்துவதுதான். அப்படியானால் மாணவர் தன் மனிதரைத் தேடிக் கண்டடைவது காட்சி. குழுவின் முன் நிற்பது கால்கோள். திரையிடுவது வாழ்த்தல். ஆறும் ஒரு படத்தின் ஆறு கட்டங்களாக அமைந்துவிடும். இதை முழுதாக எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளை அனுப்புகிறேன்.

ஆவணப்படம் கற்பிக்கும் ஆசிரியை, செவ்வாய் மாலை

கால்கோள் நல்ல சொல். ஆனால் மக்கள் அதைக் கட்டடப் பணி தொடங்கும் விழாவாக அறிவார்கள், ஒப்புதலுக்குப் பிறகு நடப்பதாக. முதல் நாள் படப்பிடிப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

நடுகல் ஒப்புமை மட்டும் எனக்கு உறுத்துகிறது. நடுகல் இறந்தவருக்கு. மாணவர்கள் ஏற்கெனவே அந்தப் பிழையைத்தான் செய்கிறார்கள். உயிரோடு இருப்பவரைச் சிலையாக்குகிறார்கள். முதல் காட்சியிலேயே வாழ்த்துப்பா தொடங்கிவிடும். அவர் சலிப்பதில்லை, தவறுவதில்லை, எதையும் தேடுவதில்லை. குழு அப்படிப்பட்டதை மறுக்கும். நான் கேட்கும் முதல் கேள்வி, 'இந்த மனிதருக்கு இப்போது என்ன வேண்டும், எது தடுக்கிறது?' என்பது. இரண்டாவது, 'அவர் பேசாமல் இருக்கும்போது உன் கேமரா எதை எடுக்கும்?' விடை இல்லையென்றால் கையில் இருப்பது நேர்காணல்தான், படம் இல்லை. ஒலியைப் பற்றியும் கேட்பேன். நடுங்கும் படத்தைப் பார்வையாளர் பொறுப்பார், கேட்காத குரலைப் பொறுக்கமாட்டார்.

இந்த விவாதத்தில் விடுபட்ட ஒன்று உண்டு. மாணவர் குழுவிடம் பேசுவது இரண்டாவது முறை. முதல் முறை அந்த மனிதரிடமே பேசுகிறார். கேமரா இல்லாமல் போய், இரண்டு மூன்று முறை உட்கார்ந்து, 'உங்களை ஏன் எடுக்க நினைக்கிறேன், எத்தனை நாள் வருவேன், எதைக் காட்டமாட்டேன், நீங்கள் எப்போது வேண்டாம் என்று சொல்லலாம்' என்று சொல்லி, ஒப்புதல் வாங்குகிறார். நாம் தேடும் சொல் அந்த இடத்துக்கும் பொருந்த வேண்டும். பாயிரம் அங்கே பொருந்தாது.

கல்லூரி விரிவுரையாளர், செவ்வாய் இரவு

'விண்ணப்பம்' போதாதா? எல்லோருக்கும் தெரிந்த சொல். விண்ணப்பி என்று வினையும் இருக்கிறது. அச்சகம் காத்திருக்கிறது.

ஆவணப்படம் கற்பிக்கும் ஆசிரியை, புதன் காலை

விண்ணப்பம் வேண்டாம் தம்பி. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். சொல் உடம்பை மாற்றும். விண்ணப்பம் என்று சொல்லி அனுப்பினால் மாணவர் தோளைக் குறுக்கிக்கொண்டு வருகிறார், கேள்வி கேட்டவுடன் மன்னிப்புக் கேட்கிறார். பல பருவங்களாகப் பார்க்கிறேன்.

ஈ, தா, கொடு என்ற மூன்றையும் தொல்காப்பியர் பிரித்துவைத்தது நினைவிருக்கும். இழிந்தோன் ஈ என்பான், ஒப்போன் தா என்பான், உயர்ந்தோன் கொடு என்பான். விண்ணப்பம் ஈ என்கிறது. வணிகப் பேச்சு, வாங்கித்தான் தீர வேண்டும் என்று கொடு என்கிறது. நமக்கு வேண்டியது தா என்று கேட்கும் சொல். என்னிடம் ஒரு மனிதர் இருக்கிறார், உங்களிடம் கருவியும் நேரமும் இருக்கின்றன, சேர்ந்து செய்யலாம் என்று சமமாக நின்று கேட்கும் சொல். அந்த மனிதரிடம் போய் நிற்கும்போதும் மாணவர் ஒப்போனாகத்தான் நிற்க வேண்டும்.

அதனால் 'முன்வைப்பு' என்கிறேன். முன்வை, முன்வைத்தார், முன்வைக்கிறேன் என்று எல்லா வடிவமும் வரும். பொருளை நடுவில் வைத்துவிட்டு இருபக்கமும் அமர்ந்து பார்க்கும் படம் அச்சொல்லிலேயே இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதன் மதியம்

ஈ, தா, கொடு மூன்றையும் கொண்டுவந்து நிறுத்தினீர்களே அம்மா, மகிழ்ந்து போனேன். விண்ணப்பத்தை நானும் எதிர்க்கிறேன்.

ஆனால் முன்வைப்பு வெறுமையான சொல். கோரிக்கையையும் முன்வைக்கிறார்கள், குற்றச்சாட்டையும் முன்வைக்கிறார்கள். கலைச்சொல் என்றால் ஒரு துறையின் மணம் வேண்டாமா? பாயிரம் புரியாது என்கிறீர்கள். ஆவணம் மட்டும் புரிந்தா வந்தது? பெரியபுராணத்தில் வழக்காடுபவர் காட்ட வேண்டிய சான்றுகள் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்று. அந்த ஆவணம் இன்று படத்தோடு சேர்ந்து எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆவணப்பட முன்னோடி கிரியர்சன் 1926இல் ஒரு படத்துக்கு எழுதிய மதிப்புரையில் 'டாக்குமெண்டரி' என்ற சொல்லைக் கையாண்டபோது அங்கும் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? பழகினால் புரியும்.

பாயிரம் கூடவே கூடாதென்றால் அதன் மறுபெயர்களில் ஒன்றையாவது எடுங்கள். முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என ஏழு இருக்கின்றன. புனைந்துரை அழகான சொல்.

படத்தொகுப்பாளர், புதன் மாலை

புனைந்துரை மட்டும் வேண்டாம் ஐயா. இன்று புனைவு என்றால் கற்பனைக் கதை. ஆவணப்படத்தின் வாசலிலேயே அப்பெயரை எழுதிவைக்கலாமா? ஏற்கெனவே தீராத வழக்கு அது. 1922இல் வெளியான, பனிநில வேட்டையாடி ஒருவரைப் பற்றிய 'நானூக்'கைப் பிளாஹர்ட்டி எடுத்தபோது, பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் ஒரு பக்கம் திறந்த வீட்டைக் கட்டவைத்தார். துப்பாக்கி பழகிய வேட்டையாடியை ஈட்டி எடுக்கச் சொன்னார். ஒரு மனிதரைப் பற்றிய படம் என்றால் இன்றும் வகுப்பில் முதலில் எழும் விவாதம் இதுதான்.

மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு

நன்றி. இதற்கிடையே இன்னொரு சிக்கல். இந்தப் படவகைக்கு 'ஆளுமைப் படம்' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் கொடுத்துப் பார்த்ததில் எல்லோரும் புகழ்பெற்றவர்களின் பட்டியலோடு வந்தார்கள். ஆளுமை என்றால் பெரிய மனிதர் என்று நினைக்கிறார்கள். அவர்களிடம் மாணவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. இந்தப் படத்துக்கோ பல நாட்கள் கூடவே இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வியாழன் காலை

நடைச்சித்திரம். எழுத்தாளர் வ.ரா. எளிய மனிதர்களை எழுத்தில் வரைந்து காட்டியதற்கு அதுதான் பெயர். நடை என்றால் நடப்பதும் நடத்தையும் ஒழுகும் முறையும். அசையும் படத்துக்கு அதைவிடப் பொருத்தம் ஏது?

கல்லூரி விரிவுரையாளர், வியாழன் காலை

நடந்துகொண்டே எடுக்கும் படம் என்று நினைப்பார்கள் ஐயா. 'ஒருவர் படம்' என்று எளிமையாக வைக்கலாம்.

மூன்றாம் ஆண்டு மாணவி, வியாழன் மதியம்

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

சென்ற பருவத்தில் நான் குழுவின் முன் பேசி மறுக்கப்பட்டேன். என்னிடம் நல்ல மனிதர் இருந்தார், இரண்டு மாதம் பழகியிருந்தேன். ஆனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி 5 நிமிடத்தையும் தீர்த்துவிட்டேன். எதை எடுப்பேன் என்று சொல்லவே இல்லை. தமிழாசிரியர் ஐயா சொன்ன எட்டும் அன்று கையில் இருந்திருந்தால் 'யாப்பு' என்ற இடத்தில் என் தாள் வெறுமையாக இருப்பதைக் கண்டுபிடித்திருப்பேன். இந்த முறை எட்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சொல் எதுவானாலும் அந்தப் பட்டியலைக் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். சொல்லைப் பொறுத்தவரை, தோழிகளிடம் 'முன்வைக்கப் போகிறேன்' என்று சொல்லிப் பார்த்தேன், 'எதை?' என்று கேட்டார்கள். 'படத்தை' என்றதும் புரிந்துகொண்டார்கள்.

சொற்பிறப்பில் ஈடுபாடுள்ள பொறியாளர், வியாழன் மாலை

அப்படியானால் படமுன்வைப்பு. படம் என்பதன் மகரம் கெட்டு ஒரே சொல்லாக நிற்கும், இடைவெளி விடாதீர்கள். நடுகல் கட்டுரை 11 பக்கம் ஆகிவிட்டது. கல்லை நீராட்டும் நீர்ப்படைக்குப் படத்தொகுப்பு பொருந்துமா, நிறத்திருத்தம் பொருந்துமா என்பதில் நிற்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், வெள்ளி காலை

அன்புள்ள அனைவருக்கும்,

மாலையில் கோப்பை அனுப்புகிறேன். 'படமுன்வைப்பு' என்று பெயரும் 'முன்வை' என்று வினையும் போட்டுவிட்டேன். ஐவர் ஏற்றார்கள், ஒருவர் ஏற்கவில்லை. எட்டு உறுப்புகளையும் காலம், களன், காரணத்தையும் சேர்த்து 'ஒரு பக்கப் பாயிரம்' என்ற தலைப்பில், குழுவின் முன் நிற்குமுன் மாணவர் எழுதிப் பார்க்கும் பயிற்சியாகத் தனியே வைத்திருக்கிறேன். மனிதரிடமே முதலில் முன்வைக்க வேண்டும் என்பது அதற்கு முந்தைய அத்தியாயம் ஆகிவிட்டது. முதல் நாள் படப்பிடிப்பு கால்கோள். படவகைக்கு இப்போதைக்கு 'ஒருவர் ஆவணப்படம்'.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வெள்ளி மதியம்

பாயிரத்துக்கு ஒரு பக்கம் கிடைத்தது. மகிழ்ச்சி, நன்றி அம்மா.

படமுன்வைப்பில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்துவைக்கிறேன். அடுத்த பதிப்பு வரும்போது தெரிவியுங்கள். 'ஒருவர் ஆவணப்படம்' என்பதை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. நடைச்சித்திரத்துக்குத் தனி இழை ஒன்றை இன்றிரவு தொடங்குகிறேன்.