முதலாளிக்கு லீவு கிடைக்குமா? மலையகத் தொழில்காரர்களின் அனுபவப் பகிர்வு

பலசரக்குக் கடை, ஹட்டன்

தேயிலைத் தோட்டத் தொழிலாளரை நம்பி நடக்கிற கடைக்கு மாதம் பிறப்பது 1ஆம் திகதியில் இல்லை, 10ஆம் திகதியில். சம்பளம் பத்தை ஒட்டி வரும், அட்வான்ஸ் 25ஐ ஒட்டி வரும். இது தெரியாத கடைக்காரர் யாரும் இல்லை. தெரிந்துகொண்டே 9க்கும் 13க்கும் இடையில் நான்கு வேலைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்கிறோம்: பழைய பற்று வசூல், புதுப் பற்று, கம்பனி விற்பனை ரெப்மாரோடு பேச்சு, சப்ளையர் செக். ஆள் விழுவது அந்த ஐந்து நாளில்தான். மாதத்தின் மிச்ச நாளெல்லாம் அந்தக் களைப்பைச் சுமந்துகொண்டு நடக்கிறோம், அவ்வளவே.

முதலில் செக்கை நகர்த்துங்கள். 8ஆம், 9ஆம் திகதிக்கு எழுதிய செக்தான் தூக்கத்தைக் கெடுப்பது, கையில் காசு வருமுன் வங்கிக்குப் போய்விடும். 14க்கும் 18க்கும் இடையில் திகதி போட்டுத் தருகிறேன் என்று கேட்டால் பழகிய சப்ளையர் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஒரே நாளில் மூன்று செக் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரெப்மாருக்குச் செவ்வாய், புதன் பிற்பகல் 2 முதல் 4 வரை. சம்பள வாரத்தில் யாரையும் பார்ப்பதில்லை என்று கதவிலேயே ஒட்டிவிடலாம். முதல் மாதம் கோபிப்பார்கள், மூன்றாம் மாதம் அவர்களே நேரம் பார்த்து வருவார்கள்.

அடுத்தது பொட்டலம். 10ஆம் திகதி கூட்டத்தில் நின்று நிறுப்பதுதான் பெரிய நேர விரயம். ஒரு ஆள் உட்கார்ந்து நிறுத்துக் கட்டினால் மணிக்கு 35, 40 ஒரு கிலோ பை வரும். கோதுமை மாவும் பருப்பும் 6ஆம் திகதியே கட்டலாம். சீனியைக் கடைசியில், 8க்குப் பிறகு கட்டுங்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் ஈரம் நின்றுகொண்டே இருக்கும், முன்கூட்டிக் கட்டிய சீனி கல்லாகிவிடும். பைகளை நிலத்தில் வைக்காமல் பலகைக்கு மேல் அடுக்க வேண்டும். ஸ்டொக் எண்ணுவது மூன்றாம் வாரத்தில்.

இரவில் காசு எண்ணும் வேலைக்கு முதலாளி தேவையில்லை. லாச்சியில் காலை எவ்வளவு வைத்தது, மாலை எவ்வளவு இருக்கிறது, நடுவில் எவ்வளவு எடுத்தது என்று மூன்று எண். விற்றவர் ஒருவர், எண்ணுகிறவர் வேறொருவர். முதலாளி பில் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இருபது நிமிடத்தில் முடியும்.

சில்லறைக் கடை, மஸ்கெலியா

அண்ணே, செக்கும் பொட்டலமும் சரி. கடன் கொப்பிய எப்படிண்ணே அடுத்தவன் கையில குடுக்கிறது? அதுதானே நம்மள கடையோட கட்டிப் போடுது. பத்து நிமிசம் வெளிய போனா நாலு கோல்: "மேல் பிரிவு அக்கா அஞ்சு கிலோ மா கேக்குறாங்க, குடுக்கவா?"

பலசரக்குக் கடை, ஹட்டன்

தம்பி, கொப்பியைக் கொடுக்க வேண்டாம், முடிவை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேல் மூலையில் சிவப்பில் ஒரு தொகை. போன மாதம் அந்த வீடு எவ்வளவு கட்டியதோ அதுதான் இந்த மாத உச்சம். 14,000 கட்டினால் 14,000. 9,000 மட்டும் கட்டினால் இந்த மாதம் 9,000. யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே "இல்லை" சொல்ல வேண்டியதில்லை, கொப்பி சொல்லிவிடும்.

உச்சம் தாண்டியவருக்கு அரிசி, மா, பிள்ளைக்குப் பால்மா இந்த மூன்றும் ஒரே ஒரு தடவை, 1,000 ரூபாவுக்குள். அதைக் கடையில் நிற்கிற பையனே தீர்மானிக்கலாம். அதற்கு மேலே வந்தால் மட்டும் உங்களுக்குக் கோல்.

கோளாறு எங்கே வரும் என்றால், பையன் தன் சொந்தக்காரர் பக்கத்தில் எழுதும்போது. அந்தப் பக்கங்களை மற்றவர்தான் எழுத வேண்டும். வாடிக்கையாளர் கையிலும் சின்னக் கொப்பி இருக்கட்டும், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை பத்துப் பக்கத்தை அங்குமிங்கும் புரட்டி அவர்கள் கொப்பியோடு பொருத்திப் பார்த்தால் போதும். மேல்மாடியில் வீடு இருக்கிற கடைகளுக்கு இன்னொன்று: இரவு கதவு தட்டுகிறவர் கேட்பது எப்போதும் அதே பத்துச் சாமான்தான். பால்மா, பனடோல், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பிஸ்கட்... அதை ஒரு பெட்டியில் படிக்கட்டடியில் வையுங்கள். 9 மணி வரை வீட்டில் யாராவது எடுத்துக் கொடுக்கலாம். இரவில் பற்று மட்டும் கிடையாது. பெட்டியில் பற்று தொடங்கினால் அது இரண்டாவது கடையாகிவிடும்.

தையல் கடை, தலவாக்கலை

கடைக்காரர்களுக்குப் பத்தாம் திகதி மாதிரி எங்களுக்குத் தீபாவளி. ஜனவரியில் பாடசாலை தொடங்கும்போது இன்னொரு தடவை. தையலில் களைப்பு வருவது ஓர்டர் கூடியதால் இல்லை, எத்தனை முடியும் என்று எண்ணாமல் வாங்கியதால்.

கணக்கு இதுதான். லைனிங் வைத்த சேலைச் சட்டை ஒன்று வெட்டி, தைத்து, கொக்கி வைத்து முடிக்க மூன்று மணித்தியாலம். ஒன்பது மணித்தியாலம் மெஷினில் இருந்தாலும் உண்மையில் தைப்பது ஆறுதான். அளவெடுப்பு, போட்டுப் பார்ப்பது, திருத்தம், போன் எல்லாம் மூன்றைத் தின்றுவிடும். ஆக ஒரு ஆளுக்கு நாளைக்கு இரண்டு. தீபாவளிக்கு முன் மூன்று வாரம் என்றால் 18 வேலை நாள், 36 சட்டை. அதில் ஆறைத் திருத்தத்துக்கும் கரண்ட் போகிற நாளுக்கும் விட்டுவிட்டு 30இல் கொப்பியை மூட வேண்டும். முப்பத்தோராவது வருகிறவர் எப்போதும் நெருங்கிய சொந்தமாகத்தான் இருப்பார். அவருக்காகவே அந்த ஆறில் இரண்டை ஒதுக்கி வைக்கலாம், ஆனால் மூன்றாவது கிடையாது.

நான்கு மெஷின் வைத்திருப்பவர்கள் இதை நான்கால் பெருக்கிவிட முடியாது. வெட்டுகிறவர் ஒருவர்தானே. சட்டை ஒன்றுக்கு அரை மணித்தியாலம் வைத்தால் எட்டுச் சட்டைக்கு நான்கு மணித்தியாலம். பகலில் ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால் அந்த வெட்டு இரவு பத்துக்குப் பிறகு போகும். அப்போது நடக்கிற பிழையும் எல்லாக் கடையிலும் ஒன்றுதான்: இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிடுவது. துணிக்குக் காசு கட்ட வேண்டும், அதே துணி தேடிக் கண்டி வரைக்கும் போக வேண்டும்.

காலை 6.30 முதல் 10.30 வரை கதவைப் பூட்டிக்கொண்டு வெட்டு. அளவெடுப்பு பிற்பகல் 3 முதல் 5. கொடுக்கிற திகதி தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, முந்திய நாள் இல்லை. பாதிக் காசு முன்பணம் வாங்காத ஓர்டரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

மரக்கறி லொறி, நுவரெலியா

நம்ம தொழில்ல ஒடம்பக் கெடுக்கிறது போன். லொறி ராத்திரி பேலியகொடை மரக்கறிச் சந்தைக்குப் போகுது, விலை விடியக்காலைல தெரியுது. லொறியில டிரைவர் முழிச்சிருக்கான், வீட்டுல முதலாளியும் முழிச்சிருக்கார். ஒரே விசயத்துக்கு ரெண்டு பேர் முழிச்சிருக்கத் தேவையில்ல.

லொறி கெளம்ப முந்தி ஒரு துண்டுல எழுதிக் குடுங்க: கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், ஒவ்வொண்ணுக்கும் ஆகக் கொறஞ்ச விலை. அதுக்கு மேல இருந்தா டிரைவரும் கொமிஷன் கடைக்காரரும் பேசி முடிக்கட்டும். கோல் எடுக்க மூணே காரணம்: விலை அந்தத் துண்டுக்குக் கீழ போனா, வண்டி நின்னா, அடிபட்டா. மத்தது எல்லாம் வொய்ஸ் மெசேஜ், காலைல கேக்கலாம். மரக்கறித் தோட்டக்காரங்களுக்கு விலை சொல்றது காலை 7க்கு ஒரே தடவை. ஒவ்வொருத்தரா கூப்பிட்டா அதுவே ரெண்டு மணித்தியாலம்.

பின்னேரம் மூட்டை ஏத்தினவன் ராத்திரி ஓட்டக் கூடாது. முதலாளியே ஓட்டுற சின்ன லொறிகள்லதான் இது மீறப்படுது. ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் எறங்குறப்பவும் ரம்பொடை வளைவுலயும் கியர் கொறைச்சு எறங்கணும், பிரேக்க மட்டும் நம்பினா சூடேறிப் பிடிக்காமப் போகும். தூக்கக் கலக்கத்துல இருக்கிறவன் கியரக் கொறைக்க மாட்டான், பிரேக்கத்தான் மிதிப்பான். விடியக்காலை 2லருந்து 5 வரைக்கும் கண்ணு சொருகுற நேரம். அந்த நேரத்துல வண்டிய ஓரங்கட்டி இருவது நிமிசம் படுத்தா போதும், பிளேன்டீ அதுக்கு ஈடில்ல.

மண்சரிவு எச்சரிக்கை வர்ற மாசங்கள்ல நடுராத்திரில முடிவெடுக்காதீங்க. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு மூணு கட்டமா விடுது. போற பாதைல சிவப்பு இருந்தா லொறி இல்ல, பேச்சே இல்ல. பின்னேரம் 2 மணிக்குள்ள தோட்டக்காரங்களுக்குச் சொல்லிட்டா லீக்ஸைப் புடுங்க மாட்டாங்க, நெலத்துலயே ரெண்டு மூணு நாள் நிக்கும். புடுங்கினப்பறம் சொன்னாத்தான் சண்டை.

கணக்கு எழுதுபவர், கம்பளை

மேலே சொன்னவற்றோடு ஒரு திகதிப் பட்டியலையும் சுவரில் ஒட்டிவிடுங்கள். வருமான வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. இரண்டு வாரத்தில் சித்திரைப் புத்தாண்டு, நுவரெலியாவில் ஏப்ரல் சீசன். கணக்கு மூடுவதும் வியாபார உச்சமும் மோதுகிற இடம் அதுதான். அசையாமல் கிடக்கிற சாமான்களைப் பெப்ரவரியிலேயே தட்டுத் தட்டாக எண்ணி வைத்துவிட்டால் மார்ச் 31 அன்று வேகமாக ஓடுகிற சாமான்களை மட்டும் எண்ணினால் போதும். இடையில் விற்றதைக் கழிக்க மறக்க வேண்டாம்.

வரித் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. வருமான அறிக்கை நவம்பர் 30. தீபாவளியும் அந்தப் பருவத்திலேயே வருவதால் பில்களைச் செப்டம்பருக்குள் கணக்காளரிடம் சேர்த்துவிடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம், எல்லாம் அடுத்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். மாத முடிவில் செய்யாமல் 20ஆம் திகதி என்று வைத்துக்கொண்டால் சம்பள வாரமும் தாண்டிவிடும், அட்வான்ஸும் வந்திருக்காது.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. ஊழியருக்கு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, வாரம் ஒன்றரை நாள் விடுமுறை. முதலாளிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. காலை 6 முதல் இரவு 8 வரை ஏழு நாளும் நின்றால் 98 மணித்தியாலம். உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 வரை செய்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 வீதமும் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதமும் அதிகம் என்று இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு உங்கள் மணித்தியாலத்தையும் கொப்பியில் எழுதிப் பாருங்கள். எண்ணைப் பார்த்த பிறகுதான் பலர் ஆள் எடுக்கிறார்கள்.

பேக்கரி, பண்டாரவளை

பாண் போடுகிறவர்கள் குளிரைத் தங்கள் பக்கம் திருப்பலாம். நள்ளிரவு 1 மணிக்கு எழும்பி மா பிசைவதற்குப் பதில், மாலை 6க்கே பிசைந்து ஈஸ்ட்டைக் குறைத்து இரவு முழுக்கப் பொங்க விடுங்கள். வழக்கமாகப் போடுவதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து, 5 கிலோ மாவில் சோதித்துப் பார்க்க வேண்டும். அறைச் சூடு 12, 14 பாகையில் இருக்கிற இரவுக்கு அது சரியாக வரும். போறணைக்குப் பக்கத்தில் வைத்தால் புளித்துப் போகும். அடுப்பு வேலை 3.30க்குத் தொடங்கினால் போதும். பாண் ஆட்டோவை 5.30க்கு அனுப்பலாம், முதலாளி அன்று கவுண்டரில் நிற்கக் கூடாது. இரவு வேலையும் பகல் கவுண்டரும் ஒரே ஆள் செய்கிற பேக்கரியில்தான் விரல் ரோலருக்குள் போகிறது.

விருந்தினர் விடுதி, எல்ல

சுருக்கமாக: கடைசி செக்-இன் இரவு 9. பாதை, சாப்பாடு, சுடுதண்ணி, ரயில் நேரம் ஆகிய நான்கு கேள்விக்கும் பதிலை முன்பே எழுதி வைத்து அனுப்புங்கள். பதிவுத் தளங்களின் கலண்டர்களை ஒன்றோடொன்று இணைக்காவிட்டால் ஒரே அறையை இரண்டு பேர் பிடித்துவிடுவார்கள், அன்றைய இரவு போச்சு. சீசன் முடிந்த அடுத்த மூன்று நாளை ஜனவரியிலேயே மூடி வைத்துவிடுங்கள். அப்போது மூடாவிட்டால் பிறகு மனசு வராது.

தாதி, பதுளை

சாதாரணக் களைப்பு இரண்டு நாள் தூங்கினால் போகும். போகாத களைப்பு, வாடிக்கையாளரைக் கண்டாலே எரிச்சல், எதைச் செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால்தான் வேலைச்சோர்வு என்று உலக சுகாதார ஸ்தாபனம் விவரிக்கிறது. அதை நோயாக இல்லை, தொழிலால் வருகிற நிலையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சீனி வியாதியும் தைரொய்டும் இதே மாதிரிக் களைப்பைக் காட்டும். முதலில் பிரசரும் சீனியும் பாருங்கள், அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. தூக்கமே வராமல், வாழ்க்கை வேண்டாம் என்கிற எண்ணம் வந்தால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் பேசலாம்.

தையல் கடை, தலவாக்கலை

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை: முதலாளி லீவு போடுகிற நாளில் கடையில் நிற்பது யார்? முதலாளியம்மாதானே. காலை சமையல், பிள்ளைகள், அதற்கு மேல் கவுண்டர். அவருடைய 98ஐ யார் எழுதுகிறார்கள்?

பலசரக்குக் கடை, ஹட்டன்

அக்கா சொல்வது சரி. மனைவி நிற்கிற நேரத்தையும் அதே கொப்பியில், வேறு நிரலில் எழுத வேண்டும், அதற்குச் சம்பளமும் கணக்கில் வைக்க வேண்டும். வைத்துப் பார்த்தால் ஞாயிறு பிற்பகலுக்கு ஒரு ஆளைப் போடுவது செலவாகவே தெரியாது. அந்த ஆளைச் சம்பள வாரத்தில் எடுக்காதீர்கள், சொல்லிக் கொடுக்க நேரம் இருக்காது. 18ஆம் திகதியை ஒட்டிச் சேர்த்தால் அட்வான்ஸ் நாளில் ஒரு தடவை கூட்டத்தைப் பார்த்துவிடுவார், 10ஆம் திகதிக்குத் தயாராகிவிடுவார். முதல் இரண்டு வாரம் பொட்டலமும் காசு விற்பனையும் மட்டும். கொப்பி பிறகு.