மறுமொழி: ‘உலர்’ தேறலா, ‘இனிப்பறு’ தேறலா?

அன்புடையீர், வணக்கம்.

வெண்தேறல் (ஒயிட் ஒயின்) வகைகளுக்கான சொற்பட்டியலில், இனிப்பில்லாததைக் குறிக்கும் ஆங்கில ‘டிரை’ என்பதற்கு ‘உலர்’ என்னும் அடைமொழியைச் சேர்க்கலாம் என்று சென்ற மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. பிரெஞ்சில் ‘செக்’, இத்தாலியத்தில் ‘செக்கோ’, ஜெர்மனில் ‘ட்ரோக்கன்’ ஆகிய மூன்றும் உலர்ந்தது என்றே பொருள்படுவதால், தமிழும் அவ்வழியே செல்லலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒப்புமை சரியானதே. ஆயினும் அச்சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை.

தமிழில் ‘உலர்’ என்பது திராட்சையோடு ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட சொல். ‘உலர் திராட்சைத் தேறல்’ என்று படிக்கும் எவரும் காயவைத்த திராட்சையிலிருந்து வடித்தது என்றே கொள்வர். அப்படி ஒரு வகை உண்மையிலேயே இருக்கிறது. இத்தாலியின் டஸ்கனியில் பழக்குலைகளை மாதக்கணக்கில் உலரவிட்டுப் பிழிந்து ‘வின் சான்டோ’ செய்கிறார்கள். அது பெரும்பாலும் நல்ல இனிப்புடையது. நாம் குறிக்க விரும்புவதற்கு நேர் எதிரானதைக் குறிக்கும் சொல்லை நாமே ஆக்கிவிடக் கூடாது.

பொருளிலிருந்து தொடங்கினால் வழி தெளிவாகும். பிழிந்த சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அந்தச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்த நிலையைத்தான் மேலைமொழிகள் உலர்வு என்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை எஞ்சியிருந்தால் அப்பெயரிடலாம். அமிலமும் அதற்கேற்ப உயர்ந்திருந்தால் 9 கிராம் வரை செல்லலாம். ஆகவே சொல்லின் உள்ளீடு இனிப்பு அற்ற நிலையே. ‘இனிப்பறு’ என்பது அதை நேராகச் சொல்கிறது. சிற்றினிப்பு, இடையினிப்பு, நிறையினிப்பு என்று அடுத்த படிகளுக்கும் அதே வேரிலிருந்து வரிசை கிடைக்கிறது. ஷாம்பெயினில் ‘செக்’ என்று எழுதிய புட்டியில் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம் என்பதையும் பார்க்கும்போது, அந்த உருவகத்தைக் கடன்வாங்காமல் இருப்பதே நல்லது என்று தோன்றுகிறது.

‘டிரை’ என்பதற்குத் ‘துவர்தேறல்’ என்ற முன்மொழிவும் பொருந்தாது. வாயை வறளச் செய்யும் துவர்ப்பு, திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளால் வருவது. வெண்தேறலுக்குப் பெரும்பாலும் தோலை நீக்கிய சாற்றையே நொதிக்க விடுவதால் அதில் துவர்ப்பு மிகக் குறைவு. அச்சொல் செந்தேறலுக்கு வேண்டியிருக்கும். அதை இங்கே செலவிட வேண்டாம்.

தேறலின் பளிச்சென்ற அமிலச் சுவையைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கிரிஸ்ப்’ என்பதற்குத் தமிழ் காண்பதே கடினமான பகுதி. ‘மொறுமொறுப்பு’ முறுக்குக்கும் வறுவலுக்கும் உரியது. பற்களுக்கிடையே நொறுங்காத ஒன்றுக்கு அது ஆகாது. வெறுமனே ‘புளிப்பு’ என்றாலும் போதாது. புளித்த கள், புளித்த மாவு என்று நொதித்தலுக்கும் பதங்கெடுவதற்கும் அதே சொல்லை ஆள்கிறோம். இங்கே பேசப்படுவதோ பழத்திலேயே பிறந்த அமிலம். திராட்சையின் முதன்மையான அமிலம் டார்டாரிக்; நம் அடுக்களைப் புளியில் மேலோங்கியிருப்பதும் அதே அமிலந்தான். சப்புக்கொட்டிப் புளியங்காய் கடித்த நாக்குக்கு இந்தச் சுவை அயலானதன்று. நாவில் பட்டதும் எச்சில் ஊற, முனை மழுங்காமல் நின்று, சட்டென விலகும் இப்புளிப்பைக் ‘கூர்ம்புளிப்பு’ எனலாம். ‘கூர்ம்படை’ என்பதுபோல இடையில் மெல்லினம் தோன்றியிருக்கிறது. ‘கூர்புளிப்பு’ என்று எழுதுவோரையும் தவறென்று சொல்ல மாட்டேன்.

தேறலைப் பொருத்தமான உணவோடு சேர்த்தலுக்குத் ‘தொடுகறி’ அழகிய பழஞ்சொல்லாயினும், தொடுகறி என்றும் துணைதான், சோறே தலைமை. இங்கே இரண்டும் ஒன்றையொன்று மாற்றுகின்றன: உணவின் உப்பு அமிலத்தைத் தணித்துக் காட்டுகிறது, அமிலம் கொழுப்பை நாவிலிருந்து கழுவுகிறது. பிரான்சின் சான்சேர் ஊரில் சோவிஞ்ஞோன் பிளாங்க் என்னும் திராட்சை வகையிலிருந்து செய்யும் தேறலை, அதே மண்ணில் செய்யும் ஷாவிஞ்ஞோல் ஆட்டுப்பாற்கட்டியோடு உண்பது இதற்கு நல்ல சான்று. இருவழி உறவாதலால் ‘சுவையிணை’ என்பேன்.

ஒரு சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் அறிய முடியும். ஆகவே பிரான்சில் லுவார் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி, நான்த் நகரைச் சுற்றி விளையும் ‘மஸ்கடே’ என்னும் வெண்தேறல் பற்றி ஒரு சுவைக்குறிப்பு எழுதிப் பார்த்தேன்:

“இனிப்பறு வெண்தேறல். வெளிறிய எலுமிச்சை நிறம். மணத்தில் பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும். ஈஸ்ட் வண்டலின் மேல் குளிர்காலம் முழுதும் கிடந்ததால் புளித்த ரொட்டி மாவின் மெல்லிய வாடை. கூர்ம்புளிப்பு, முடிவில் கடலுப்பை நினைவூட்டும் சுவை. சுவையிணை: பச்சைச் சிப்பி, வேகவைத்த மட்டி. எலுமிச்சை பிழியத் தேவையில்லை. அவ்வேலையைத் தேறலே செய்துவிடும்.”

படிக்கையில் ‘இனிப்பறு’ எனக்கு எங்கும் இடறவில்லை. பழமணம் மிகுந்த தேறலை மூக்கால் மட்டும் முகர்ந்து இனிப்பானது என்று மயங்குவோரையும் அது திருத்தும். ஏனெனில் அச்சொல் நாவுக்கு உரியது, மணத்துக்கு உரியதன்று. ‘கூர்ம்புளிப்பு’ சற்றே கனமாகத் தோன்றுகிறது. அதனினும் எளிய சொல் வட்டார வழக்கில் எவருக்கேனும் தெரிந்திருந்தால், எந்த உணவைப் பற்றிப் பேசும்போது அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.