ஹீட்டர் சேனல் மாற்றினேன், இப்போது பீட்டில் கதவு மூட மறுக்கிறது

தகரடப்பா:
வணக்கம். 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் பிரித்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாடியை அடித்தளத் தகட்டிலிருந்து கழற்றி, முன்னால் ஒரு கட்டை, பின்னால் ஒரு கட்டை வைத்து நிறுத்தியிருந்தேன். இடது ஹீட்டர் சேனல் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் குழாய்) துருவில் சல்லடையாகிவிட்டதால் மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். முன்பக்கம் ஆறு இடத்தில் துளை வெல்டிங் போட்டாயிற்று, பின்பக்கம் வெறும் டாக்தான் (தற்காலிகமாகப் பிடித்து நிற்க வைக்கும் சின்னப் பொட்டு வெல்டிங்). ஆசையாகக் கதவை மாட்டிப் பார்த்தால், பின் மேல் மூலை கதவு வாயிலின் தூணில் இடிக்கிறது. கீழே சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சந்து. கதவுதான் கோணலா?

நட்டுபோல்ட்டு:
கீல் ஸ்குரூவைத் தளர்த்திக் கதவைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், சரியாகிவிடும்.

பழையசாவி:
அவசரப்படாதீர்கள். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் கீலுக்குள் இருக்கும் ஊசி தேய்ந்திருக்கிறது. ஆடவில்லை என்றால் கீலைத் தொடவே வேண்டாம். அந்த ஸ்குரூக்களின் தலை ஒருமுறை வழுக்கிவிட்டால் அப்புறம் சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் இல்லாமல் கழலாது, அது தனிக் கதை.

அடுத்து, இரண்டு பக்கக் கதவு வாயிலையும் அளந்து சொல்லுங்கள்: மேல் கீல் மட்டத்தில் தூணிலிருந்து தூண் வரை, அப்புறம் கீழே. வெட்டுவதற்கு முன் உள்ளே தாங்கு கம்பி கொடுத்தீர்களா?

தகரடப்பா:
கதவு ஆடவில்லை. மேல் மட்டத்தில் வலது பக்கத்தைவிட இடது 6 மி.மீ. குறைவு. கீழே கிட்டத்தட்ட சமம். தாங்கு கம்பி... கொடுக்கவில்லை.

பழையசாவி:
அப்படியானால் கோணல் கதவில் இல்லை, பாடியில். பீட்டிலில் அந்தச் சேனல் இன்ஜின் சூட்டை முன்னால் கொண்டுவரும் குழாய் மட்டும் அல்ல, கதவுக்குக் கீழே பாடியின் முதுகெலும்பே அதுதான். இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிற்கும்போது அதை வெட்டினால் நடுப்பகுதி தொய்யும். தொய்ந்தால் இரண்டு தூண்களின் தலையும் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். உங்கள் 6 மி.மீ. அங்கேதான் போயிருக்கிறது. அந்த நிலையிலேயே புதுச் சேனலைப் பற்றவைத்து, கோணலை நிரந்தரமாக்கப் பார்த்தீர்கள்.

நல்ல வேளை, இன்னும் முழுதாகப் பற்றவைக்கவில்லை. பின் டாக்குகளை கிரைண்டரால் வெட்டுங்கள், முன்னால் உள்ள ஆறையும் டிரில் போட்டு எடுங்கள். பாடியை அடித்தளத் தகட்டின் மேல் இறக்கி போல்ட்டைப் பூட்டுங்கள். சேனலின் போல்ட் துளைகள் நேராக வருகின்றனவா என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பாடிக்கும் தகட்டுக்கும் நடுவே வரும் ரப்பர் சீல் இப்போது வேண்டாம், வெல்டிங் சூட்டில் கருகிவிடும். அமுங்கிய சீலின் கனத்துக்குத் தகட்டுத் துண்டுகளைக் கொடுங்கள்.

பிறகு மேல் கீல் மட்டத்தில் தூணுக்குத் தூண் ஜாக்கி வைத்து, முனைகளில் மரக்கட்டை கொடுத்து, மெல்லத் தள்ளுங்கள். 6 வேண்டுமென்றால் 8 வரை தள்ள வேண்டியிருக்கும், விட்டால் கொஞ்சம் திரும்பி வரும். அளவு வந்ததும் ஆங்கிள் இரும்பை நேராக ஒன்று, மூலைக்கு மூலை ஒன்று பற்றவைத்துப் பூட்டிவிடுங்கள். கதவை மாட்டி இடைவெளியைப் பார்த்த பிறகுதான் சேனல் வெல்டிங். அதையும் முன்னால் ஒரு பொட்டு, பின்னால் ஒரு பொட்டு என மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே இடத்தில் ஓட்டினால் மெல்லிய தகடு இழுத்துக்கொள்ளும்.

நட்டுபோல்ட்டு:
நான் சொன்னதை விட்டுவிடுங்கள் 🙂 ஆனால் ஒன்று: பெட்ரோல் டேங்க் முன்னாலேயே இருக்கிறதா? வெல்டிங்குக்கு முன் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள். பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியும் அப்படியே.

தகரடப்பா:
இரண்டும் வெளியே போய்விட்டன. ஆறு வெல்டிங்கையும் டிரில் போட்டு எடுக்கும்போது வயிறு எரிந்தது. தகட்டின் மேல் இறக்கியதும் கடைசி இரண்டு போல்ட் துளைக்கு நேரே நிற்கவே இல்லை, தொய்வு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஜாக்கியை அரைச் சுற்று, அரைச் சுற்றாக ஏற்றினேன். ஒரு கட்டத்தில் ‘டக்’ என்று சத்தம். பயந்துபோய்ப் பார்த்தால் கட்டைதான் வழுக்கியிருந்தது. கடைசியில் மேலே வலதுக்கும் இடதுக்கும் 1 மி.மீ.க்குள் வந்துவிட்டது, இரண்டு போல்ட்டும் கையாலேயே ஏறின. கதவு இரண்டு விரலால் தள்ளினால் மூடுகிறது.

பழையசாவி:
அருமை. முழு வெல்டிங் முடிந்து ஆறியதும் ஒருமுறை கதவைப் பாருங்கள், அதற்கு முன் ஆங்கிளை வெட்டாதீர்கள். பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு சேனலுக்குள் மெழுகு ஸ்ப்ரே கட்டாயம். பழையது துருப்பிடித்தது உள்ளிருந்துதான்.

தகரடப்பா:
சரி. வலது பக்கத்தில் இன்னும் கை வைக்கவில்லை, ஆனால் தாங்கு கம்பி மட்டும் இப்போதே வைத்தாகிவிட்டது.