புல்தரைல வட்டமா முளைச்ச வெள்ளைக் காளான், புத்துக்காளானா?

கோயம்புத்தூர்ல எங்க அபார்ட்மென்ட் புல்தரைல மழைக்கப்புறம் பெருசு பெருசா வெள்ளைக் காளான் வந்திருக்கு, தொப்பி நடுவுல காபி கலர்ல செதில் செதிலா இருக்கு, தண்டுல ஒரு வளையம். பக்கத்து வீட்டு அக்கா புத்துக்காளான்தான், குழம்பு வைக்கலாம்னு சொல்றாங்க. பறிக்கலாமா?

மழைக்காடன்:
சாப்பிட்றாதீங்க. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்ங்கற விஷக் காளான் மாதிரி தெரியுது. சாப்பிட்ட ஒண்ணுலருந்து மூணு மணி நேரத்துல வாந்தி பேதி பின்னி எடுத்துரும், வேகவச்சாலும் நம்ப முடியாது. புத்துக்காளான் தண்டு மண்ணுக்குள்ள வேர் மாதிரி நீளமா கரையான் புத்து வரைக்கும் போகும், இதுல அது இருக்காது, அந்த வளையமும் மேல கீழ நகரும். விரிஞ்ச தொப்பி ஒண்ண தண்டு கிள்ளிட்டு வெள்ளைப் பேப்பர்ல தொப்பிக்கு அடியில இருக்கற மடிப்பு கீழ பாக்க கவுத்து, மேல டம்ளர் மூடி ராத்திரி விடுங்க. காலைல பச்சையா பொடி உதிர்ந்திருந்தா அதேதான்.

செல்வி_தோட்டம்:
எங்க ஊர்ல வெள்ளிக் காசு போட்டு கொதிக்கவிட்டு காசு கறுக்கலன்னா சாப்பிடலாம்பாங்க..

மழைக்காடன்:
அத நம்பி ஆஸ்பத்திரி போனவங்க நிறைய சிஸ்டர், காசுக்கும் காளான் விஷத்துக்கும் சம்பந்தமே இல்ல. புழு தின்னுருக்கு நாமளும் தின்னலாம்ங்கறதும் அதே கதைதான்.

பூஞ்சைப்பித்தன்:
வகைப்பாடு கேக்கறவங்களுக்கு: 1818-ல மேயர்ங்கற ஆய்வாளர் இத அகாரிகஸ்ங்கற பேரினத்துல வச்சார், 1898-ல மாஸிங்கறவர் குளோரோஃபில்லம் பேரினத்துக்கு மாத்தினார், நடுவுல லெப்பியோட்டாங்கற பேரினம்னும் சொல்லிட்டிருந்தாங்க. பச்சை ஸ்போர்தான் (பேப்பர்ல உதிர்ற அந்தப் பொடி) குளோரோஃபில்லத்துக்கே அடையாளம்னு ரொம்ப நாள் இருந்துச்சு, அப்புறம் டிஎன்ஏ பாத்தா வெள்ளை ஸ்போர் காளான் சிலதும் இதுக்குத்தான் நெருங்கின சொந்தம், அதுல ராகோடெஸ்ங்கற இனத்த 2002-ல குளோரோஃபில்லத்துல சேத்துட்டாங்க. புத்துக்காளான் குடும்பமே வேற, லையோஃபில்லேசி, இது அகாரிகேசி. ஒண்ணு கவனிங்க, இளசா இருக்கும்போது மடிப்பு வெள்ளையாத்தான் இருக்கும், பச்சை அப்புறம்தான் ஏறும், அதனாலதான் ஏமாந்துடறாங்க.

கேட்டவர்:
பேப்பர் வச்சுப் பாத்தேன், நல்லா பாசிப் பச்சை. அக்காட்ட காட்டிட்டேன், குழம்பு கேன்சல் 😄 குழந்தைங்க தொட்டா ஏதாச்சும் ஆகுமா?

மழைக்காடன்:
தொட்டா ஒண்ணும் ஆகாது, வாய்ல வச்சாத்தான் வம்பு. குட்டிப் புள்ளைங்க, நாய் இருந்தா விரியறதுக்கு முன்னாடியே புடுங்கி குப்பைல போட்ருங்க. மண்ணுக்கடியில பூஞ்சை நூல் இருக்கறதால அடுத்த மழைக்கும் வரும், அதுக்காக மருந்தெல்லாம் அடிச்சுக்கிட்டிருக்காதீங்க.