மலைமேல் கடல் டயாட்டம்: பனி கொண்டுவந்ததா, காற்று கொண்டுவந்ததா? (கடலடி, உலர்பள்ளத்தாக்கு, வண்டல் என்ற பெயர்களில் மூவர் பேசுகிறார்கள்)

கடலடி:
அண்டார்டிகாவைக் குறுக்கே வெட்டும் மலைத்தொடரில், ஆயிரம் மீட்டருக்கும் மேலே, சீரியஸ் என்று பெயர்பெற்ற பனியாற்றுப் படிவுகள் உள்ளன. அவற்றுக்குள் கடல் டயாட்டம்கள், அதாவது சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள், இருப்பதை 1984-இல் வெப், ஹார்வுட் குழுவினர் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னது இது: பிளியோசீனில், சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், கிழக்கு அண்டார்டிகாவின் பனி உருகிக் கடல் உள்ளே புகுந்தது, மீண்டும் வளர்ந்த பனி அந்தக் கடலடிச் சேற்றை வாரி மலைமேல் சேர்த்தது. நான் இதை ஏற்கிறேன். அன்றைய கரியமில வாயு அளவு பத்து லட்சத்தில் 400 பங்கை ஒட்டியது. இன்று நாம் அதையும் தாண்டிவிட்டோம். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

உலர்பள்ளத்தாக்கு:
ஏற்க முடியாது. அதே மலைகளை ஒட்டிய உலர் பள்ளத்தாக்குகளில் 40 லட்சம் ஆண்டுகளுக்கும் மூத்த எரிமலைச் சாம்பல் விழுந்த இடத்திலேயே குலையாமல் கிடக்கிறது. உருகும் அளவுக்கு வெப்பம் வந்திருந்தால் ஓடும் நீர் அதை அரித்துப்போயிருக்காதா? தென் துருவப் பனிக்குள்ளேயே டயாட்டம் இருப்பதை 1996-இல் கெல்லாக் இணையர் காட்டினார்கள். அங்கே எந்தக் கடல் வந்தது? எல்லாம் காற்றின் வேலை.

கடலடி:
காற்றால் முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆய்வகத்தில் இந்தச் சேற்றை ஹைட்ரஜன் பெராக்சைடில் கழுவி, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் உலர்த்தி, மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்ப்பவள் நான். வட்டமான சிலிக்கா ஓடு. சல்லடைபோல் வரிசை வரிசையாகத் துளைகள். பல ஓடுகள் தலைமயிரின் தடிமன்கூட இருக்காது. சில்லின் ஓரத்தில் மூச்சுப் பட்டாலே உலர்ந்த தூள் பறந்துவிடும்.

ஆனால் காற்று அதை எங்கிருந்து அள்ளியது? கடலுக்கு அடியில், பனிக்கு அடியில் கிடக்கும் சேறு பறக்காது. 2016-இல் ரீட் ஷெரர் குழுவினர் தந்த விளக்கம் இங்கேதான் பொருந்துகிறது. தாழ்ந்த பள்ளங்களிலிருந்து பனி பின்வாங்கியது. பாரம் இறங்கிய தரை மெல்ல உயர்ந்தது. கடலடிச் சேறு வெளியே வந்து காய்ந்தது. பிறகுதான் காற்று. நீங்கள் காற்றைக் காட்டும்போதே பனி விலகியதையும் சேர்த்துக் காட்டுகிறீர்கள்.

உலர்பள்ளத்தாக்கு:
கடலோரப் பள்ளங்களில் பனி விலகியது என்பதும், கிழக்குப் பனிப்படலத்தின் பெரும்பகுதியே கரைந்தது என்பதும் ஒன்றல்ல. 1984-இன் முடிவு இரண்டாவது. அதை நீங்களே இப்போது கைவிட்டுவிட்டீர்கள். மேலும், ஷெரரின் விளக்கம் கணினி மாதிரியைச் சார்ந்தது.

வண்டல்:
ஆண்ட்ரில் திட்டத்தை இருவரும் மறந்துவிட்டீர்கள். 2006-07-இல், அண்டார்டிகா கரையை ஒட்டிக் கடல்மேல் மிதக்கும் ராஸ் பனியடுக்குக்குக் கீழே கடல்தரையில் 1,285 மீட்டர் துளையிட்டார்கள். பனியாறு அரைத்துத் தள்ளிய கல்மண், அதன்மேல் டயாட்டம் மட்டுமே படிந்த வெளிர் அடுக்கு, மறுபடி கல்மண் என்று மாறி மாறி வருகிறது. பனி போவதும் வருவதுமாக இருந்ததற்கு இது நேரடிச் சாட்சி.

உலர்பள்ளத்தாக்கு:
அந்தச் சாட்சியை மதிக்கிறேன், அந்த டயாட்டம்கள் வாழ்ந்த இடத்திலேயே படிந்தவை. ஆனால் அது முதன்மையாக மேற்கு அண்டார்டிகாவின் கதை. கிழக்குக்கும் அப்படி ஒன்று வேண்டும்: அங்குள்ள வில்க்ஸ் பள்ளத்தில் பனிக்கு நேர் கீழே துளையிட்டு எடுத்த சேறு.

கடலடி:
அந்தச் சேறு கைக்கு வந்தால் முதல் சில்லைத் தயாரிக்க நான் காத்திருக்கிறேன்.